குமரிக் கரையில் இரண்டு வக்துகள்

கோடை விடுமுறை நெருங்கிவிட்டால் நம் இல்லங்களில் பிள்ளைகள் கேட்கத் தொடங்கிவிடுவார்கள்: "வாப்பா, இந்த வருஷம் எங்கே கூட்டிப் போறீங்க?" ஊட்டி, கொடைக்கானல் என்று சிலர் புறப்படுவர். கடற்காற்றை விரும்பும் குடும்பங்களோ பெரும்பாலும் கன்னியாகுமரிக்கே வேன் பிடிக்கின்றன. இந்தியப் பெருநிலத்தின் தென்கோடி அது. 1970-ல் திறக்கப்பட்ட விவேகானந்தர் பாறை மண்டபம், 2000-ஆம் ஆண்டு முதல் நாளில் திறக்கப்பட்ட 133 அடித் திருவள்ளுவர் சிலை, இரண்டையும் இணைத்து 2024 டிசம்பரில் திறக்கப்பட்ட கண்ணாடிப் பாலம் என்று பார்க்க வேண்டியவை பல அங்கே உண்டு. ஆயினும் மக்கள் கூட்டங் கூட்டமாகச் சென்று காத்து நிற்பது இரண்டே நேரங்களுக்காகத்தான். ஒன்று சூரியன் எழும் நேரம். மற்றொன்று அது மறையும் நேரம்.

அன்புச் சகோதர சகோதரிகளே! இவ்விரு நேரங்களும் நமக்கு யாவை என்று சிந்தித்தீர்களா? முதலாவது, ஸுப்ஹுடைய வக்து முடிகின்ற நேரம். இரண்டாவது, மஃரிபுடைய வக்து தொடங்குகின்ற நேரம். அதாவது, குமரிமுனையில் உலகம் வேடிக்கை பார்க்க நிற்கும் இரண்டு நேரங்களிலும் முஸ்லிமின் தோள் மீது ஒரு பர்ளு காத்து நிற்கின்றது. சூரியனைக் காணச் சென்றவர்கள், அந்தச் சூரியனைக் கொண்டு அல்லாஹ் நிர்ணயித்த தொழுகையை இழந்து திரும்புவதை நாம் கண்ணாரக் கண்டிருக்கின்றோம். நம் வீட்டிலேயே அது நிகழ்ந்தும் இருக்கின்றது. அதனாலேயே இக்கட்டுரை.

உல்லாசப் பயணம் ஆகுமா?

காற்று வாங்கப் போவதே தவறு என்று கூறுவோர் சிலர் உளர். அவ்வாறு கூறுவதற்கு இடமில்லை. பூமியில் பயணம் செய்து, படைப்பை அல்லாஹ் எவ்வாறு தொடங்கினான் என்று பார்க்கும்படி திருமறையே ஏவுகின்றது (29:20). கடலை மனிதனுக்கு வசப்படுத்தித் தந்ததையும், அதிலிருந்து பசுமையான இறைச்சியையும் அணியும் ஆபரணங்களையும் அளிப்பதையும் தன் அருட்கொடைகளாக அல்லாஹ் எடுத்துரைக்கின்றான் (16:14). மனச்சோர்வு நீங்க வெளியே சென்று வருவதை ஷாபிஈ மத்ஹபின் நூல்களும் ஏற்கத்தக்க நோக்கமாகவே கருதுகின்றன. ஆண்டு முழுவதும் அடுப்படியில் நிற்கும் பெண்களையும், பாடப் புத்தகங்களில் மூழ்கிக் கிடக்கும் பிள்ளைகளையும் கடற்கரைக்கு அழைத்துச் செல்வது குடும்பத்தலைவருக்கு அழகே.

ஆனால், பயணத்தில் தொழுகைக்குச் சலுகை உண்டே தவிர விடுமுறை இல்லை. தொழுகை முஃமின்கள் மீது நேரம் குறிக்கப்பட்ட கடமை என்ற இறைவாக்கு (4:103), பயணத்திலும் போர்க்களத்திலும் எப்படித் தொழுவது என்று விளக்கும் வசனங்களை அடுத்தே வருகின்றது. உயிர் போகும் களத்திலேயே வக்து தப்பக்கூடாது என்றால், மணல் வெளியில் சுண்டல் கொறித்துக்கொண்டிருக்கும் போது தப்பலாமா?

உதய நேரம்

குமரியில் ஆண்டு முழுவதும் சூரிய உதயம் காலை 6 மணிக்கும் 6.45-க்கும் இடையில் அமைகின்றது. விடுதிகளில் அதற்கு அரைமணி நேரம் முன்பே கதவைத் தட்டி எழுப்பிவிடுவார்கள். மொட்டை மாடியிலும் கரையிலும் கூட்டம் சேர்ந்துவிடும். நம்மவர்களும் கண்ணைக் கசக்கிக்கொண்டு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுவார்கள். உதயத்திற்கு முந்திய அந்த அரைமணி நேரம் ஸுப்ஹுடைய கடைசி நேரமல்லவா? ஐந்து நிமிடம் ஒளுச் செய்ய, ஐந்து நிமிடம் தொழ என்று பத்து நிமிடம் போதுமே! ஊரில் ஸுப்ஹுக்கு எழாதவர் கூட அன்று எழுந்துவிட்டார். எழுந்தும் தொழவில்லை. தூக்கத்தின் மீது பழி போடவும் அவருக்கு வழியில்லை.

கைபர் போரிலிருந்து திரும்பிய வழியில் நிகழ்ந்ததை இங்கே நினைவு கூர்வோம். இரவு வெகுநேரம் நடந்து களைத்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஓரிடத்தில் தங்கி, விடியலைக் கவனிக்கும் பொறுப்பை பிலால் (ரலி) அவர்களிடம் ஒப்படைத்தார்கள். பிலால் (ரலி) அவர்கள் தம் ஒட்டகத்தில் சாய்ந்து கிழக்கு வானத்தை நோக்கியே அமர்ந்திருந்தார்கள். களைப்பு மிகுதியால் உறக்கம் அவர்களையும் வென்றுவிட்டது. வெயில் சுட்ட பிறகே எல்லோரும் விழித்தனர். அண்ணலார் அவ்விடத்தை விட்டுச் சற்று நகர்ந்து, ஒளுச் செய்து, ஜமாஅத்தாகத் தொழுவித்தார்கள். தொழுகையை மறந்தவர் நினைவு வந்ததும் தொழ வேண்டும் என்றும் போதித்தார்கள். இது முஸ்லிம் ஷரீபில் உள்ள ஹதீஸ்.

இதிலே இரண்டு பாடங்கள் உள்ளன. ஏற்பாடு செய்தும் உறக்கம் மிகைத்துவிட்டால் அவர் மீது குற்றமில்லை, விழித்ததும் நிறைவேற்ற வேண்டும் என்பது ஒன்று. ஏற்பாடு செய்வது கட்டாயம் என்பது மற்றொன்று. பிலால் (ரலி) அவர்கள் கிழக்கை நோக்கி அமர்ந்தது தொழுகைக்காக. நாம் கிழக்கை நோக்கி நிற்பது எதற்காக? கைப்பேசியில் அலாரம் வைக்கும்போது உதயத்தைக் கணக்கிட்டு வைக்கின்றோமா, ஸுப்ஹைக் கணக்கிட்டு வைக்கின்றோமா? இருபது நிமிடம் முன்னதாக வைத்தால் இரண்டும் கிட்டும்.

ஸுப்ஹுத் தொழுகையினிடையே சூரியன் எழுந்துவிட்டால் என்ன சட்டம்? ஷாபிஈ மத்ஹபில், உதயத்திற்கு முன் ஒரு ரக்அத் முழுமையாகக் கிடைத்திருந்தால் அது அதாவாகவே கணிக்கப்படும். ஆனாலும் அவ்வளவு பிந்துவது பாவம். ஹனபி மத்ஹபில் அத்தொழுகை செல்லாது. சூரியன் உயர்ந்த பின் களாச் செய்ய வேண்டும். உதயமாகி ஓர் ஈட்டி அளவு உயரும் வரை, அதாவது ஏறத்தாழ கால்மணி முதல் இருபது நிமிடம் வரை, நபில் தொழுவது தடுக்கப்பட்ட நேரமாகும். சூரியனை வணங்குவோர் அதற்குச் சிரம் பணியும் நேரம் அது என்பதை அண்ணலார் அவர்களே காரணமாகக் கூறியுள்ளார்கள்.

உதயத்தைக் காண்பது கூடாதா என்று கேட்கலாம். தாராளமாகக் காணலாம். ஸுப்ஹை ஜமாஅத்துடன் தொழுதுவிட்டு, சூரியன் எழும் வரை அல்லாஹ்வை நினைத்து அமர்ந்திருந்து, பின் இரண்டு ரக்அத் தொழுபவருக்கு ஹஜ்ஜும் உம்ராவும் செய்த கூலி உண்டு என்ற நன்மாராயம் திர்மிதீயில் வந்துள்ளது. குடும்பத்தார் அறையிலேயே ஜமாஅத்தாகத் தொழுது, திக்ரு செய்தபடியே கிழக்கு வானத்தைப் பார்த்திருந்து, வெயில் ஏறியதும் இரண்டு ரக்அத் தொழுதால், அந்த உதயத்தைப் போல் இன்பமான உதயம் வேறு உண்டோ?

அஸ்தமன நேரம்

மாலையில் நிலைமை இன்னும் கடினம். மறையும் சூரியனைக் காண ஐந்து மணிக்கே இடம் பிடிப்பவர்கள் அஸரைத் தொழுதுவிட்டு வந்தார்களா என்பதே முதற் கேள்வி. அஸர் தவறியவர், குடும்பத்தையும் செல்வத்தையும் பறிகொடுத்தவரைப் போன்றவர் என்பது நபிமொழி. குடும்பத்தை அருகில் அமர்த்திக்கொண்டே குடும்பத்தை இழந்தவராக ஆகிவிடக் கூடாது.

சில ஆண்டுகளுக்கு முன் நாமும் குடும்பத்துடன் குமரிக்குச் சென்றிருந்தோம். ஊரிலிருந்து நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல். மாலையில் மணலில் ஜமுக்காளம் விரித்து அமர்ந்தோம். சூரியன் இறங்கியதும் நாமும் நம் தம்பியும் மூத்த மகனும் எழுந்து பள்ளிவாசலை விசாரித்துக்கொண்டு சென்றோம். ஜமாஅத்து கிடைத்தது. சுன்னத்தும் தொழுது, வழியில் தேநீரும் அருந்தி, மன நிறைவுடன் திரும்பினோம். கூட்ட நெரிசலில் அவர்களைத் தேடிக் கண்டுபிடிக்கவே வெகு நேரமாயிற்று. பை, செருப்பு, அழுகின்ற கைக்குழந்தை இவற்றோடு பெண்கள் அதே இடத்தில் அமர்ந்திருந்தார்கள். மேற்கில் செம்மை முழுவதும் அடங்கிவிட்டது. வீட்டார் கோபமாகக் கூடப் பேசவில்லை. "நீங்க ஜமாஅத்தோட தொழுதுட்டு வந்துட்டீங்க. எங்களுக்கு வக்தே போயிட்டு" என்று மட்டும் கூறினார்கள்.

அந்தச் சொல் இன்றளவும் நம் உள்ளத்தில் தைத்தபடியே இருக்கின்றது. நாம் மதரஸாவில் ஓதியவர். பயணத் தொழுகையின் சட்டங்களைப் பிறருக்குச் சொல்லிக் கொடுப்பவர். ஷாபிஈ மத்ஹபில் பயணி மஃரிபை இஷாவுடன் சேர்த்துப் பிற்படுத்தித் தொழலாம். ஆனால், சேர்த்துத் தொழுகிறேன் என்ற நிய்யத்தை மஃரிபுடைய நேரத்திற்குள்ளேயே மனத்தில் கொண்டுவிட வேண்டும். ஒரு கணத்து நிய்யத்து! அதை நம் வீட்டாருக்கு நாம் கற்றுக் கொடுத்திருக்கவில்லை. அதனால் அவர்களுடைய மஃரிபு களாவாயிற்று. உங்களில் ஒவ்வொருவரும் மேய்ப்பாளர், தம் மந்தையைப் பற்றி விசாரிக்கப்படுவார் என்ற ஹதீஸை எத்தனையோ மேடைகளில் கூறியிருக்கின்றோம். அன்று மேய்ப்பாளர் ஜமாஅத்துக்குப் போய்விட்டார். மந்தை மணலில் விடப்பட்டது.

செய்திருக்க வேண்டியது இதுதான். அஸ்தமனத்தைக் கண்டதும் ஆண்களில் இருவர் குழந்தைகளையும் உடைமைகளையும் கவனித்துக்கொள்ள, பெண்கள் ஓரமாக ஒதுங்கி முதலில் தொழுதிருக்க வேண்டும். அல்லது மணலிலேயே குடும்பமாக ஜமாஅத்து நடத்தியிருக்க வேண்டும். பூமி முழுவதும் தமக்குத் தொழுமிடமாக ஆக்கப்பட்டதை அண்ணலார் தமக்குரிய சிறப்புகளில் ஒன்றாக எடுத்துரைத்தார்களே! அந்தப் பூமியில் குமரிக் கரையும் அடக்கம்தான். மூன்று ரக்அத் பர்ளுக்கு ஐந்து நிமிடம் போதும். செம்மை மறையச் சுமார் ஒரு மணி நேரம் ஆகும்.

கடல் நீரும் மணலும்

"உப்புத் தண்ணீரில் ஒளு கூடுமா, ஹஜ்ரத்?" என்று பெண்கள் கேட்பதுண்டு. இதே கேள்வியை நபித்தோழர் காலத்திலேயே ஒருவர் கேட்டுவிட்டார். நாங்கள் கடலில் செல்கிறோம், கொஞ்சம் தண்ணீரே எடுத்துச் செல்கிறோம், அதில் ஒளுச் செய்தால் தாகத்துக்கு இருக்காது, கடல் நீரில் ஒளுச் செய்யலாமா என்று அவர் வினவினார். கடலின் நீர் சுத்தப்படுத்தக் கூடியது, அதில் இறந்ததும் ஆகுமானது என்று அண்ணலார் விடையளித்ததாக அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். கேட்டது ஒன்று, கிடைத்தது இரண்டு! ஆகவே கடல் நீர் கண் முன்னே இருக்க, நல்ல தண்ணீர் இல்லையென்று தயம்மும் செய்வது செல்லாது. நோயாளிக்கும், அலையருகே செல்வது உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் வேறு தண்ணீரும் கிடைக்காதவருக்கும் சட்டம் வேறு. கடமையான குளிப்பும் கடலில் நிறைவேறும். நிய்யத்தும், உடல் முழுவதும் நீர் படுவதும் போதும்.

கவனிக்க வேண்டியவை மூன்று. ஒன்று, கடற்கரை மணல் அடிப்படையில் சுத்தமானதே. கண்ணுக்குத் தெரியும் அசுத்தம் உள்ள இடத்தை விட்டு விலகி, ஒரு விரிப்பை விரித்துக்கொண்டால் ஐயத்திற்கே இடமில்லை. இரண்டு, ஸஜ்தாவில் நெற்றி நன்கு பதிய வேண்டும். பொல பொலவென்றிருக்கும் மணலில் பட்டும் படாமலும் வைக்கக் கூடாது. மூன்று, நனைந்த ஆடையில் மேனியின் நிறம் வெளியே தெரியுமானால் அவ்வாடையுடன் தொழுகை கூடாது. குறிப்பாக வெள்ளை வேட்டி கட்டிக் கடலில் இறங்கிய ஆண்கள் இதைக் கவனிக்க.

கிப்லா எந்தப் பக்கம்?

நம் மக்கள் கிப்லாவை மேற்கு என்றே சொல்லிப் பழகியவர்கள். கரையில் சூரியன் மறைந்த இடத்தைப் பார்த்து அப்படியே தக்பீர் கட்டுவோரும் உண்டு. இதில் பெரியதொரு தவறு ஒளிந்துள்ளது.

குமரிமுனையிலிருந்து கஃபா நேர்மேற்கில் இல்லை. நேர்மேற்கிலிருந்து வடக்காக ஏறத்தாழ 24 பாகை விலகியுள்ளது. சூரியனோ ஆண்டு முழுவதும் ஒரே இடத்தில் மறைவதில்லை. ஜூன் மாதக் கடைசி வாரங்களில் அது வடமேற்கே ஒதுங்கி, ஏறத்தாழ கிப்லாவின் திசையிலேயே மறைகின்றது. அந்த நாட்களில் மறைந்த இடத்தை நோக்கித் தொழுதால் பெரிதும் பிழையில்லை. மார்ச், செப்டம்பர் மாதங்களில் நேர்மேற்கே மறைவதால், நீங்கள் வலப்புறம் சுமார் 24 பாகை திரும்ப வேண்டும். டிசம்பரிலோ அது தென்மேற்கே போய்விடுகின்றது. அப்போது மறைந்த இடத்திற்கும் கிப்லாவிற்கும் இடையே ஏறத்தாழ 48 பாகை! செங்கோணத்தில் பாதிக்கும் கூடுதல். திசையை நோக்கினாலே போதும் என்னும் ஹனபி மத்ஹபில் கூட இருபுறமும் 45 பாகை வரைதான் இடமுண்டு. ஷாபிஈ மத்ஹபோ கஃபாவையே குறிவைக்கச் சொல்கின்றது. அரையாண்டு விடுமுறையில் குமரிக்குச் செல்லும் குடும்பங்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். திசைகாட்டி இருந்தால் பயன்படுத்துக. இல்லையேல் அவ்வூர் முஸ்லிம் ஒருவரை விசாரித்து அறிக.

சுருக்குவதும் சேர்ப்பதும்

பயணச் சலுகை பெற ஏறத்தாழ 80 கிலோமீட்டராவது செல்ல வேண்டும். இக்கணக்கில் உலமாக்களிடையே சில கிலோமீட்டர் வேறுபாடு உள்ளதால், எல்லையில் நிற்கும் ஊரார் தம் ஜமாஅத் ஆலிமிடம் கேட்டுக்கொள்வது நலம். நாகர்கோவில், தக்கலை போன்ற பக்கத்து ஊரார் மாலை நேரம் குமரிக்கு வந்து போனால் அவர்களுக்குச் சலுகை எதுவுமில்லை. சென்னை, திருச்சி, மதுரையிலிருந்து வருவோருக்கு உண்டு.

லுஹரும் அஸரும் இஷாவும் நான்கு ரக்அத்துக்குப் பதில் இரண்டு ரக்அத். ஸுப்ஹிலும் மஃரிபிலும் சுருக்கமில்லை. ஷாபிஈ மத்ஹபில் கஸ்ரு என்பது சலுகை. ஹனபி மத்ஹபில் வாஜிபு. உள்ளூர் இமாமைப் பின்பற்றினால் இரு மத்ஹபினரும் நான்காகவே பூர்த்தி செய்ய வேண்டும். சென்ற ஊரில், போய்ச் சேரும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாட்கள் தங்க நிய்யத்துச் செய்தால் ஷாபிஈக்களுக்குச் சலுகை முடிந்துவிடும். ஹனபிகளுக்கு இது பதினைந்து நாட்கள்.

லுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழுவது ஷாபிஈ மத்ஹபில் பயணிக்கு ஆகும். முற்படுத்திச் சேர்ப்பதாயின் முந்தியதை முதலில் தொழுது, அதற்குள்ளேயே சேர்க்கும் நிய்யத்து வைத்து, இடைவெளியின்றி அடுத்ததைத் தொழ வேண்டும். பிற்படுத்துவதாயின் முன்னர் கூறிய நிய்யத்தை மறக்கலாகாது. ஹனபி மத்ஹபில் ஹஜ்ஜின் போது அரபாவிலும் முஸ்தலிபாவிலும் தவிர இவ்வாறு சேர்ப்பதில்லை. வேனில் செல்லும் ஹனபிக் குடும்பம் லுஹரை அதன் கடைசி நேரத்திலும் அஸரை அதன் முதல் நேரத்திலும் தொழுதுகொண்டால், ஒரே நிறுத்தத்தில் இரண்டும் முடிந்துவிடும்.

அலையும் உயிரும்

உங்களை நீங்களே அழிவில் போட்டுக்கொள்ளாதீர்கள் என்பது இறை எச்சரிக்கை (2:195). 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை எழுந்தபோது குமரி மாவட்டக் கரையோரக் கிராமங்கள் பெரும் உயிர்ச்சேதம் கண்டன. விவேகானந்தர் பாறையில் நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கித் தவித்தனர். அவர்களைப் படகு விட்டு மீட்டவர்கள் மீனவர்கள். 2024 மே 6 அன்று அதே மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர் ஐவர் அலையில் சிக்கி மாண்டனர். காற்றோ மழையோ இன்றித் திடீரென்று பொங்கி எழும் அலையைக் குமரிக் கரையார் 'கள்ளக்கடல்' என்பார்கள். அந்நாட்களில் அதற்கான எச்சரிக்கையும் விடப்பட்டிருந்தது.

மூழ்கி இறப்பவர் ஷஹீது என்று ஹதீஸில் உள்ளதே என்று சிலர் மொழிவார்கள். எதிர்பாராமல் அலைவாய்ப்பட்ட முஃமினுக்கு அது அல்லாஹ் அளிக்கும் ஆறுதல். எச்சரிக்கைப் பலகையைத் தாண்டிச் செல்வதற்கு அது அனுமதிச் சீட்டன்று. கடலோரக் காவலரும் மீனவரும் வேண்டாமென்றால் முழங்கால் அளவு நீரிலும் இறங்காதீர்கள். பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.

பார்வையும் உடையும்

ஆண்களின் மறைவிடம் தொப்புளிலிருந்து முழங்கால் வரை. கடல் என்பதற்காக அது குறைந்துவிடாது. பெண்கள் அலையில் கால் நனைக்க விரும்பினால் கூட்டம் குறைந்த இடத்தையும் நேரத்தையும் தேடித் தருவது ஆண்களின் பொறுப்பு. பார்வையைத் தாழ்த்தும்படி முஃமினான ஆண்களுக்கே முதலில் கட்டளை வந்தது (24:30), பிறகே பெண்களுக்கு (24:31). நம் பெண்களின் பர்தாவைப் பற்றிப் பேசுமுன் நம் கண்களுக்கு நாம் பர்தா போட்டோமா என்று பார்ப்போம். குமரி, பிற சமயத்தார் பக்தியுடன் வரும் ஊர். அவர்களுடைய வழிபாட்டில் நாம் பங்கு கொள்வதுமில்லை. அவர்களைப் பரிகசிப்பதும் நமக்கு ஆகாது (6:108).

புறப்படுமுன்

சாப்பாட்டுக் கூடையுடன் ஒரு விரிப்பையும், பெண்களின் தொழுகை உடைகளையும், ஒளுவுக்கு ஒரு குடம் தண்ணீரையும் வேனில் ஏற்றுங்கள். அன்றைய வக்துகளை ஒரு தாளில் எழுதிப் பிள்ளைகளில் ஒருவர் கையில் கொடுத்துவிடுங்கள். வக்து வந்ததும் நினைவூட்டும் அந்தப் பொறுப்பில் அப்பிள்ளை பெருமை கொள்ளும். முற்படுத்தல், பிற்படுத்தல் நிய்யத்துகளைப் பெண்களுக்கு வீட்டிலேயே கற்றுக் கொடுங்கள். நாம் செய்த தவற்றை நீங்கள் செய்ய வேண்டாம்.

நபி இப்ராஹீம் (அலை) அவர்கள் விண்மீனையும் சந்திரனையும் சூரியனையும் பார்த்தார்கள். மறைந்து போகின்றவற்றின் மீது தமக்கு நேசமில்லை என்று கூறி, வானங்களையும் பூமியையும் படைத்தவன் பக்கம் முகத்தைத் திருப்பினார்கள் (6:76-79). சூரியன் மறைவதைக் காணும் ஒவ்வொரு முஸ்லிமுக்கும் அடுத்துச் செய்ய வேண்டிய காரியம் அதுவே. சூரியனுக்கும் சந்திரனுக்கும் அல்ல, அவற்றைப் படைத்தவனுக்கே ஸஜ்தாச் செய்யும்படி அவன் ஏவுகின்றான் (41:37).

அதன் பிறகு நாம் மீண்டும் ஒருமுறை குமரிக்குச் சென்றோம். சூரியன் கடலில் இறங்கியதும் நாம் பைகளைக் காத்து, கைக்குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டோம். வீட்டார் முதலில் தொழுதார்கள். நமக்குப் பள்ளிவாசல் ஜமாஅத்து அன்று கிடைக்கவில்லை. வீட்டில் எவருக்கும் வக்தும் தவறவில்லை.

ஊரிலும் பயணத்திலும், கரையிலும் கடலிலும் தொழுகையை அதனதன் நேரத்தில் பேணும் குடும்பங்களாக நம்மை வல்ல நாயன் ஆக்கியருள்வானாக! ஆமீன்.